மழையா, பனியா? மேல்வளியின் வெப்பநிலையை அளந்து அறிந்த வரலாறு

மேகத்திலிருந்து விழுவது தரையை அடையும்போது மழையாக இருக்குமா, ஆலங்கட்டியாக இருக்குமா, வெண்பனியாக இருக்குமா என்பதைத் தரையில் நிலவும் குளிர் மட்டும் முடிவு செய்வதில்லை. மேகத்திற்கும் தரைக்கும் இடையே அடுக்கடுக்காக இருக்கும் காற்று எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பமாக இருக்கிறது என்பதே அதை முடிவு செய்கிறது. தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல வெப்பநிலை மாறும் விதத்தை வானிலையாளர்கள் செங்குத்து வெப்பநிலை அமைவு என்பர். இந்த அமைவை அளக்கக் கற்ற பிறகே குளிர்காலத்தில் வானிலிருந்து எது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் குளிர் நாடுகளின் பனிக்காலத்திற்கென்று தடித்த பின்னல் துணியில் மேலாடைகளைத் தைத்து அனுப்புகின்றன. அவற்றைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் வெண்பனி விழுவதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையும் மார்கழி, தையின் காலைப் பனியுமே. இந்த வேறுபாட்டின் காரணம் திருப்பூருக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைக் கண்டறிந்த வரலாற்றில் தொட்டபெட்டாவுக்கும், அகத்தியமலைக்கும், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த ஓர் அறிவியலாளருக்கும் இடமுண்டு.

பனி என்னும் ஒரு சொல்

தொல்காப்பியம் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. இவற்றில் இரண்டின் பெயரில் பனி உள்ளது. ஆனால் இங்கே பனி என்பது வானிலிருந்து விழும் வெண்பனி அன்று. இரவில் குளிர்ந்த இலையிலும் புல்லிலும் காற்றின் ஈரம் படிந்து உண்டாகும் துளியே அது. காலையில் கண்ணை மறைக்கும் மூடுபனிக்கும், உதகையில் புல்லின்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனிக்கும், இமயத்தை மூடியிருக்கும் வெண்பனிக்கும் அதே சொல்லே வழங்குகிறது. இமயம் பனி சூழ்ந்த மலை என்பதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர்.

ஆலங்கட்டிக்கு மட்டும் தமிழில் பழங்காலத்திலேயே தனிச்சொல் இருந்தது. சங்க இலக்கியத்தில் அது ஆலி எனப்படுகிறது. தமிழ் நிலத்தில் வானிலிருந்து கட்டியாக விழுவது அது ஒன்றே. கண்ணால் கண்டதற்குத் தனிப்பெயர் பிறந்தது. தூரத்து மலையில் இருந்ததற்கு இருந்த பெயரே போதுமானதாக இருந்தது. நீலகிரி மக்கள் பேச்சில் இன்னும் நுட்பமான பிரிவு உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் நீராகப் படிவதை நீர்ப்பனி என்றும், பின்னர் உறைந்து படிவதை உறைபனி என்றும் அவர்கள் வேறுபடுத்துகின்றனர்.

ஒரே சொல் பல பொருள்களுக்கு நிற்பதால் இன்றும் குழப்பம் நேர்கிறது. உதகையில் பனிப்பொழிவு என்று செய்தி வரும்போது உண்மையில் நிகழ்ந்தது பெரும்பாலும் உறைபனியே. வெண்பனி மேகத்தில் உருவாகி விழுவது. உறைபனி மேகமே இல்லாத இரவில் தரையிலேயே உருவாவது. இரண்டையும் உண்டாக்கும் வெப்பநிலை அமைவுகள் வேறு வேறானவை.

மலை ஏறி அளந்த காலம்

மேல்வளியின் வெப்பநிலையை அறிய விரும்பியவர்களுக்கு முதலில் உதவியவை மலைகள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் அமைந்தது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன. அவை கடல்மட்டத்தை ஒட்டிய ஓர் இடத்தின் குறிப்புகள். அதே நாட்டில் உயரமான ஓர் இடத்திலும் அளந்தால்தான் உயரத்துக்கு ஏற்ப வெப்பநிலை குறையும் விதம் தெரியும்.

சென்னை வானாய்வகத்தின் வானியலாளராக இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லரின் மேற்பார்வையில் நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியில் வானிலை ஆய்வகம் ஒன்று அமைக்கப்பட்டு, 1847, 1848 ஆண்டுகளில் அங்கே அளவீடுகள் எடுக்கப்பட்டன. அவ்விடத்தின் உயரம் 8640 அடி என்று அந்நாளைய ஆவணங்கள் குறிக்கின்றன. இன்றைய கணக்கில் தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். இந்தியாவின் பல உயரங்களில் எடுத்த அளவீடுகளை இவற்றோடு ஒப்பிட்டு வில்லியம் ஹென்றி சைக்ஸ் எழுதிய ஆய்வுரை 1850இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது.

திருவிதாங்கூரில் ஜான் ஆலன் பிரவுன் இதே பாதையில் சென்றார். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த அவர், 1855இல் அகத்தியமலையில் சுமார் 6200 அடி உயரத்தில் ஓர் ஆய்வகத்தை நிறுவினார். அடர்ந்த காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து சென்று மலைமுகட்டில் தங்கி அளப்பது அக்காலத்தில் எளிய வேலை அன்று.

மலை அளவீடுகளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, தொட்டபெட்டாவின் உயரத்திற்குமேல் அங்கிருந்து எதையும் அளக்க முடியாது. இரண்டாவது, மலைமேல் இருக்கும் காற்று பகலில் மலைப்பாறையால் சூடாகி இரவில் அதனாலேயே குளிர்கிறது. ஆகவே அது அதே உயரத்தில் சமவெளிக்கு மேலே தடையின்றி இருக்கும் காற்றின் வெப்பநிலையைச் சரியாகக் காட்டாது. திருப்பூருக்கு நேர் மேலே உள்ள காற்றை அறிய வேண்டுமானால், கருவியைத்தான் அந்தக் காற்றுக்குள் அனுப்ப வேண்டும்.

பலூன் ஏறிய கருவி

ஐரோப்பாவில் மனிதர்களே பலூனில் ஏறி அளந்தனர். 1862இல் ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல் என்னும் இருவர் இங்கிலாந்தில் இவ்வாறு ஏறியபோது, உயரத்தில் காற்று குறைந்து கிளெய்ஷர் மயங்கி விழுந்தார். காக்ஸ்வெல் பல்லால் கயிற்றை இழுத்து வளியை வெளியேற்றிப் பலூனை இறக்கியதால் இருவரும் பிழைத்தனர். இதன்பின் ஆளில்லாமல் கருவியை மட்டும் அனுப்பும் வழக்கம் மெல்ல வளர்ந்தது. பிரான்சின் தெய்சரான் தெ போர், ஜெர்மனியின் ரிச்சர்ட் அஸ்மான் ஆகியோர் இத்தகைய பலூன்களைக் கொண்டு, ஓர் உயரத்திற்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுகிறது என்பதை 1902இல் அறிவித்தனர். அடுக்கு மண்டலம் அறியப்பட்டது அப்போதுதான்.

இந்தியாவில் 1875இல் நிறுவப்பட்ட வானிலைத் துறை, தொடக்கத்திலிருந்தே பனியோடு தொடர்புள்ள கேள்வி ஒன்றில் ஈடுபட்டிருந்தது. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் குளிர்காலப் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்ற கருத்தை 1884இல் முன்வைத்தார். வடக்கே விழும் பனி தெற்கே உழவரின் வாழ்வைத் தொடும் என்பதால் அதை அளப்பது அரசின் வேலையாயிற்று. அதே நூற்றாண்டில் வானிலிருந்து விழும் பனிக்கட்டியின் கொடுமையையும் இந்தியா கண்டது. 1888 ஏப்ரல் 30 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் விழுந்த ஆலங்கட்டியால் 246 பேர் உயிரிழந்தனர். ஆலங்கட்டி மழையால் உலகில் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பாக அது இன்றும் குறிக்கப்படுகிறது.

கில்பர்ட் வாக்கர் துறைத் தலைவராக இருந்த காலத்தில், 1914இல் ஆக்ராவில் மேல்வளி ஆய்வகம் தோன்றியது. ஜே. எச். ஃபீல்டு அதன் பொறுப்பை ஏற்றார். நீரியம் நிரப்பிய பலூனில் சிறிய பதிவுக் கருவி கட்டப்படும். பலூன் பல கிலோமீட்டர் ஏறி வெடித்ததும் கருவி எங்கேனும் ஒரு வயலில் விழும். கண்டெடுத்தவர் திருப்பித் தந்தால் பரிசு என்று எழுதிய சீட்டை அதனோடு கட்டி அனுப்புவது இவ்வகை ஆய்வுகளில் உலகெங்கும் இருந்த வழக்கம். கருவி திரும்பி வந்தால்தான் அளவு தெரியும். மேல்வளி அறிவியலின் தொடக்கம் இவ்வாறு வயலில் வேலை செய்தவர்களின் நேர்மையையும் நம்பியிருந்தது. ஆனால் இந்த முறையால் முன்கணிப்புச் செய்ய இயலாது. கருவி கைக்கு வரும் முன்பே அந்த நாளின் வானிலை முடிந்துவிடும்.

கல்பாத்தி இராமநாதன்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள திறப்பு. ஆடிக்காற்று இந்த வழியாகவே கோவை, திருப்பூர்ப் பகுதிகளுக்குள் நுழைகிறது. கணவாயின் மேற்குப் பக்கத்தில், பாலக்காட்டை ஒட்டிய கல்பாத்தி அக்கிரகாரத்தில் 1893 பிப்ரவரி 28 அன்று பிறந்தவர் கே. ஆர். இராமநாதன். கல்கத்தாவில் சி. வி. இராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்ட அவர், 1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பின்னர் ஆக்ரா ஆய்வகப் பொறுப்பையும் ஏற்றார்.

ஆக்ராவிலும் பிற இடங்களிலும் பலூன்கள் கொண்டுவந்த அளவீடுகளைத் தொகுத்து, நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை வளிமண்டலத்தின் வெப்பநிலை எவ்வாறு பரவியுள்ளது என்பதைக் காட்டும் படத்தை அவர் 1929இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அதில் வியப்பான உண்மை ஒன்று இருந்தது. புவியைச் சூழ்ந்த கீழ் வளிமண்டலத்தில் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேலே இல்லை. நிலநடுக்கோட்டுப் பகுதிக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்ப நாடுகளில் வெப்பநிலை தொடர்ந்து குறைந்துகொண்டே அவ்வளவு உயரம் வரை செல்வதே இதற்குக் காரணம். துருவப் பகுதிகளில் 8 அல்லது 9 கிலோமீட்டரிலேயே அந்தக் குறைவு நின்றுவிடுகிறது.

இந்தப் படத்தைத் திருப்பூரில் இருந்து பார்த்தால் இன்னொரு பொருளும் விளங்கும். இங்கே உச்சியில் காற்று மிகக் குளிர்ந்தது. அடியில் அது மிக வெப்பமானது. வெப்பநிலை சுழியத்தைத் தொடும் உயரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5 கிலோமீட்டரை ஒட்டியே நிற்கிறது. அதற்கு மேலே பனியும் பனிக்கட்டியும் எப்போதும் உண்டு. கீழே தடித்த வெப்பக் காற்று உண்டு. இராமநாதன் பிற்காலத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர் 1984இல் மறைந்தார்.

ரேடியோசோண்டும் அன்னா மணியும்

கருவி திரும்பி வரும்வரை காத்திருக்கும் நிலையை வானொலி மாற்றியது. பிரான்சின் ராபர்ட் பியூரோ 1929இலும், ரஷ்யாவின் பாவெல் மோல்ச்சனோவ் 1930 ஜனவரியிலும் பலூனில் சிறு வானொலிக் கருவியைக் கட்டி அனுப்பினர். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய அளவுகளைக் கருவி ஏறும்போதே தரைக்குச் சொல்லிக்கொண்டு சென்றது. இதுவே ரேடியோசோண்டு எனப்படுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரையிலான வெப்பநிலை அமைவு கைக்கு வந்துவிடும். அன்றைய வானிலையை அன்றே கணிக்க வழி பிறந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவிலும் ரேடியோசோண்டு பறக்கத் தொடங்கியது. அயல்நாட்டுக் கருவிகளை எதிர்பார்த்திராமல் இங்கேயே செய்துகொள்ளும் வேலை புனேயில் நடந்தது. அதில் முதன்மையானவர்களுள் ஒருவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்த அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் இராமனிடம் ஆய்வு செய்து, இங்கிலாந்தில் வானிலைக் கருவிகள் பற்றிப் பயிற்சி பெற்று, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ 100 வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவை நாட்டிலேயே உற்பத்தியாக வழிசெய்தார். ஓசோனை அளக்கும் பலூன் கருவியை இந்தியாவில் உருவாக்கிய முயற்சிக்கும் அவரே தலைமை தாங்கினார். தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொண்டிருந்த கொள்கை. மழையா பனியா என்னும் கேள்வியில் இந்தக் கொள்கையின் பொருள் தெளிவாகும். அங்கே ஒரு டிகிரிப் பிழையே விடையை மாற்றிவிடும்.

விழுவது எது என்று கணிக்கும் முறை

மழை பிறக்கும் விதம் பற்றிய தெளிவு இதே காலத்தில் ஏற்பட்டது. சுவீடனின் டோர் பெர்ஜெரான் 1922இல் ஓஸ்லோவை அடுத்த மலைக்காட்டில் மூடுபனிக்குள் நடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருந்த நாளில் மரக்கிளைகளில் உறைபனி படிந்து பாதை தெளிந்திருந்தது; சுழியத்துக்கு மேலே இருந்த நாளில் மூடுபனி தரைவரை இறங்கியிருந்தது. பனிப்படிகம் தன்னைச் சூழ்ந்த நீர்த்துளிகளின் ஈரத்தை ஈர்த்து வளர்கிறது என்னும் விளக்கத்தை இதிலிருந்து வளர்த்து அவர் 1930களில் வெளியிட்டார். உயர்ந்த மேகங்களில் பெரும்பாலான மழை பனிப்படிகமாகவே பிறக்கிறது என்பது இதன் முடிவு. வெப்ப நாடுகளில் நீர்த்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து உண்டாகும் மழையும் உண்டு என்பது பிறகு தெரிந்தது. ஆயினும் திருப்பூரில் இடியோடு கொட்டும் மழையின் பெரும்பகுதி, மேலே பனியாகவும் கட்டியாகவும் இருந்து வழியில் உருகியதே.

பனியாகப் பிறந்தது என்னவாகத் தரையை அடையும் என்பது அது கடந்து வரும் காற்றடுக்குகளைப் பொறுத்தது. அமெரிக்காவின் சார்லஸ் புரூக்ஸ் இதைப் பற்றி 1920இலேயே எழுதியிருந்தார். நான்கு நிலைகளாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, மேலிருந்து தரைவரை காற்று சுழியத்துக்குக் கீழே இருந்தால் வெண்பனி விழும்.

இரண்டாவது, தரைக்கு மேலே உள்ள அடுக்கு தடித்து வெப்பமாக இருந்தால் பனி முழுதும் உருகி மழையாகும்.

மூன்றாவது, நடுவே வெப்ப அடுக்கும் தரையை ஒட்டித் தடித்த குளிர் அடுக்கும் இருந்தால், உருகிய துளி மீண்டும் உறைந்து சிறு பனிக்கட்டி மணியாக விழும்.

நான்காவது, தரையை ஒட்டிய குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் துளி காற்றில் உறைய நேரமிராது. சுழியத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே வந்து, கிளையிலும் கம்பியிலும் சாலையிலும் பட்டவுடன் கண்ணாடிபோல் உறையும். இது உறைமழை. நான்கிலும் அதிகச் சேதம் விளைப்பது இதுவே.

முதலில் எளிய அளவுகோல் ஒன்று பயன்பட்டது. காற்று வெப்பமானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஆகவே 1000 ஹெக்டாபாஸ்கல், 500 ஹெக்டாபாஸ்கல் அழுத்த மட்டங்களுக்கு இடையே உள்ள தொலைவு அந்த அடுக்கின் சராசரி வெப்பநிலையைக் காட்டும். 1950களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள், அத்தொலைவு 5400 மீட்டரை ஒட்டி இருக்கும்போது மழைக்கும் பனிக்கும் இடையிலான எல்லை அமைகிறது என்று காட்டின. திருப்பூருக்கு மேலே அது சுமார் 5750 மீட்டர். ஆண்டின் எந்த நாளிலும் அது 5400ஐ நெருங்குவதில்லை.

சராசரியில் நடுவே உள்ள மெல்லிய வெப்ப அடுக்கு மறைந்துவிடுவது இம்முறையின் குறை. ஆகவே பின்னர் வந்த முறைகள் அமைவை முழுதாகப் பார்த்தன. கனடாவின் பியர் பூர்குவான் 2000இல் வெளியிட்ட முறை, வெப்பநிலைக் கோடு சுழியத்துக்கு வலப்பக்கம் அடைக்கும் பரப்பையும் இடப்பக்கம் அடைக்கும் பரப்பையும் ஒப்பிடுகிறது. ஒன்று உருக்கும் ஆற்றல். மற்றொன்று உறையவைக்கும் ஆற்றல்.

காற்றின் வறட்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரத் துணி காற்றில் காயும்போது தொட்டால் குளிர்ந்திருப்பதைச் சாயப்பட்டறைத் தொழிலாளர் நன்கு அறிவர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதேபோல் வறண்ட காற்றில் விழும் பனியும் துளியும் ஆவியாகித் தம்மைச் சூழ்ந்த காற்றைக் குளிரச் செய்கின்றன. தரையில் 3 டிகிரி இருக்கும்போதும் வெண்பனி விழுவதற்கு இதுவே காரணம். இதனால் முன்கணிப்பாளர்கள் சாதாரண வெப்பநிலையோடு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் பார்க்கின்றனர்.

உதகையும் சிம்லாவும்

உதகமண்டலம் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இமாச்சலத்தின் சிம்லாவும் ஏறத்தாழ அதே உயரம். சிம்லாவில் குளிர்காலத்தில் வெண்பனி விழுகிறது, உதகையில் விழுவதில்லை. சிம்லா 31 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், குளிர்காலத்தில் மேற்கத்தியக் காற்றழுத்தக் கலக்கங்கள் வரும்போது சுழிய வெப்பநிலை மட்டம் அந்த நகரின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. உதகை 11 டிகிரியில் இருக்கிறது. அங்கே அந்த மட்டம் தொட்டபெட்டா உச்சிக்கும் 2 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கிறது.

உதகையின் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்விடங்களில் உறைபனி படிவது வேறு வகை அமைவினால். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல்வெளி தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்குகிறது. அப்போது தரையில் சுழியமும், சற்று மேலே அதைவிட வெப்பமும் இருக்கும். இது வெப்பத் தலைகீழ் எனப்படும். மழைமேகம் வந்தால் அது போர்வைபோல் மூடித் தரையின் வெப்பத்தைக் காக்கும், உறைபனி படியாது. ஆக உதகையில் கடுங்குளிர் இருக்கும் இரவில் விழுவதற்கு மேகம் இல்லை. மேகம் இருக்கும் இரவில் உறையும் குளிர் இல்லை. தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகுவதால், அந்த இரவுகளை முன்கூட்டி அறிவது சிறு தேயிலை விவசாயிகளுக்கு இன்றியமையாதது.

மழையா பனியா என்னும் கேள்வி வாழ்வாதாரத்தைத் தொடும் இந்தியப் பகுதி காஷ்மீர். 2018 நவம்பர் 3 அன்றும் 2019 நவம்பர் 7 அன்றும் அங்கே பருவத்திற்கு முன்பே கனத்த பனி விழுந்தது. ஆப்பிள் மரங்கள் இலை உதிர்க்காமல் இருந்தன. பல தோப்புகளில் பழமும் முழுதாகப் பறிக்கப்படவில்லை. இலைகளில் ஈரப்பனி தங்கியதால் கிளைகள் முறிந்தன. அதே அளவு நீர் மழையாக விழுந்திருந்தால் வழிந்து ஓடியிருக்கும். பல ஆண்டுகள் வளர்த்த மரம் முறிந்ததற்குக் காரணம் வெப்பநிலை அமைவில் இருந்த ஓரிரு டிகிரி வேறுபாடே.

கனடாவில் உறைமழை

நான்காவது நிலையான உறைமழையைத் தமிழர் பெரும் எண்ணிக்கையில் அனுபவித்த இடம் கனடா. 1998 ஜனவரி முதல் வாரத்தில் மாண்ட்ரியல் உள்ளிட்ட கியூபெக், கிழக்கு ஒன்டாரியோ பகுதிகளில் நாள்கணக்கில் உறைமழை பெய்தது. தெற்கிலிருந்து வந்த ஈரமான வெப்பக்காற்று மேலே பரவியது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர்காற்று மெல்லிய அடுக்காகத் தேங்கி நகர மறுத்தது. விழுந்த நீரெல்லாம் பட்ட இடத்தில் உறைந்து, மின்கோபுரங்கள் பனிக்கட்டியின் எடை தாங்காமல் சரிந்தன. இலட்சக்கணக்கான வீடுகள் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தன. 25 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

2013 டிசம்பர் 21, 22 நாள்களில் டொராண்டோவில் இதுவே நிகழ்ந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. கிறிஸ்துமஸ் நாளிலும் பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்பவில்லை. வீட்டைச் சூடாக்க மூடிய இடத்தில் கரி எரிப்பதும் ஜெனரேட்டர் இயக்குவதும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு இட்டுச் செல்லும் என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியிருந்தது.

இத்தகைய நாளில் பனி பெய்யும் என்று மட்டும் தமிழில் சொன்னால் கேட்பவருக்குத் தேவையான செய்தி கிடைக்காது. வெண்பனி என்றால் மண்வாரியை எடுத்து வைக்கலாம். உறைமழை என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. புலம்பெயர்ந்த தமிழருக்கு உறைமழை என்னும் சொல் உயிர்காக்கும் சொல்.

திருப்பூரின் வானம்

திருப்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. அதன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. தரையில் ஜனவரிப் பகலில் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பம் இருக்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறைவதாகக் கொண்டால், சுழியத்தை அடைய 4.6 கிலோமீட்டர் ஏற வேண்டும். ஆகவே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மேலே பனியாகப் பிறந்தது இந்த நீண்ட வெப்பப் பாதையைக் கடந்தாக வேண்டும். வழியில் அது உருகி முடிந்துவிடுகிறது.

இந்தப் பாதையைத் தாண்டி வருவது ஆலங்கட்டி ஒன்றே. சித்திரை, வைகாசியில் கோடைமழையோடு கொங்குப் பகுதியில் சில இடங்களில் ஆலங்கட்டி விழுவதும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது அரிதாக இருப்பதும் மக்கள் அறிந்தவை. கோடையில் தரை சூடேறிக் காற்று வேகமாக மேலே எழுகிறது. அது நீர்த்துளிகளை உறைநிலைக்கு மேலே நெடுநேரம் தாங்கிப் பிடித்துப் பெரிய கட்டிகளாக வளர்க்கிறது. அப்போது நடு உயரத்தில் காற்று வறண்டிருப்பதால் ஆவியாதல் காற்றைக் குளிர்வித்து, உருகும் பாதையின் நீளத்தையும் குறைக்கிறது. பருவமழைக் காலத்திலோ காற்று எல்லா உயரத்திலும் ஈரமாக இருக்கிறது. மேலெழும் வேகமும் குறைவு. சிறு கட்டிகள் தரையை அடையும் முன்பே உருகிவிடுகின்றன. டொராண்டோவில் உறைமழையைக் கணிக்க உதவும் அதே ஈரக்குமிழ் அளவு, இங்கே வாழைத்தோட்டத்தைக் கிழிக்கும் ஆலங்கட்டி வருமா என்று சொல்லவும் உதவுகிறது.

பருவமழையில் திருப்பூரின் கவலை வேறு. 2011 நவம்பரில் ஓரிரவுப் பெருமழையில் நகரின் ஓடைகள் பெருகி, கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்து, உயிரிழப்பு நேர்ந்தது. என்ன விழும் என்பதில் இங்கே ஐயமில்லை. எவ்வளவு, எப்போது, எந்தப் பள்ளத்தில் என்பதே கேள்வி. ஈரக் காற்று எவ்வளவு தடிப்பாக இருக்கிறது, மேலே எழ அதற்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பவற்றை இதற்கும் அதே பலூன் அளவீடுகளில்தான் தேட வேண்டும்.

இன்றைய நிலை

கொங்கு நாட்டைச் சுற்றிச் சென்னை, காரைக்கால், பெங்களூரு, கொச்சி, திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் ரேடியோசோண்டு பறக்கவிடப்படுகிறது. உலகெங்கும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்பதற்காக இதற்கு இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்னும் வேளைகள் குறிக்கப்பட்டுள்ளன. 2013 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட் 3டி செயற்கைக்கோள், வளிமண்டலத்தின் வெப்பநிலை அமைவை மேலிருந்து அளக்கும் 19 அலைவரிசைக் கருவியைக் கொண்டு சென்றது. அதனால் பலூன் பறக்காத இடங்களின் அமைவும் தெரியவந்தது. ஆயினும் செயற்கைக்கோளின் அளவைச் சரிபார்க்க இன்றும் பலூனே துணை.

டெய்லரின் ஆட்கள் தொட்டபெட்டாவில் வெப்பமானியைப் படித்த 1847 முதல் இன்றுவரை அளக்கப்படுவது ஒன்றே: தலைக்கு மேலே இருக்கும் காற்று எந்த உயரத்தில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது. அந்த அளவு தெரிந்ததால், பனி என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தவை நீர்ப்பனி, உறைபனி, வெண்பனி எனத் தனித்தனிக் காரணங்களோடு விளங்குகின்றன. உறைமழை என்னும் புதிய சொல்லும் தமிழுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. திருப்பூரில் தைத்த மேலாடையை அணிந்து ஸ்கார்பரோவில் ஒருவர் வெண்பனியில் நடக்கும் நாளில், நொய்யல் கரையிலும் மழை பெய்துகொண்டிருக்கலாம். இரண்டு இடத்திலும் மேகத்தில் பிறந்தது பனிப்படிகமே. அங்கே அது அப்படியே இறங்கிற்று. இங்கே இறுதி 5 கிலோமீட்டரில் உருகி நீராயிற்று.